படத்துக்கு முத்திரை போடுவது யார்? மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு ஒரு பரோட்டாக் கடைக்காரனின் திறந்த மடல்

ஆணையத்தில் இருக்கும் ஐயா, அம்மா அனைவருக்கும் வணக்கம்.

திருப்பூரில் ஆறு மேசை போட்டு ராத்திரிக் கடை நடத்துகிறேன். பரோட்டா, கொத்து, கலக்கி, சில்லி சிக்கன், அவ்வளவுதான் எங்கள் கடை. உணவுப் படங்களைப் பற்றி ஒரு புகார் சொல்ல வந்திருக்கிறேன். ஆனால் சொல்வதற்கு முன் ஒன்றை ஒப்புக்கொண்டு விடுகிறேன், இந்த விஷயத்தில் நான் ஏமாந்தவன் மட்டும் இல்லை, கொஞ்ச நாள் ஏமாற்றியவனும் நான்தான்.

போன மாதம் ஒரு நாள், ராத்திரி பத்தரை மணி இருக்கும். பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் பையன் ஒருத்தன், செயலியில் ஆர்டர் போட்டு வாங்கிய பார்சலை எடுத்துக்கொண்டு நேராகக் கடைக்கே வந்துவிட்டான். சண்டைக்குத்தான் வருகிறான் என்று நினைத்தேன். அவன் குரலே உயர்த்தவில்லை. கல்லா மேசையில் பார்சலைப் பிரித்து வைத்தான், பக்கத்தில் போனை வைத்தான். போனில் ஐந்து பரோட்டா, ஒவ்வொன்றும் தாமரைப் பூ மாதிரி இதழ் இதழாக விரிந்திருக்கிறது. பித்தளைக் கிண்ணத்தில் சிவப்பாக எண்ணெய் மிதக்கும் சால்னா, அதில் இரண்டு கறித்துண்டு தலையை நீட்டிக்கொண்டு நிற்கிறது, ஓரத்தில் எலுமிச்சம்பழத் துண்டும் வெங்காய வளையமும். பார்சலில் இருந்தது இரண்டு பரோட்டா, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, டப்பா மூடியில் வேர்த்த ஆவி சொட்டி மேல் பரோட்டா நமுத்துப்போய். கூடவே சின்ன டப்பாவில் எம்டி சால்னா, அதாவது கறித்துண்டு இல்லாத வெறும் குழம்பு. அவன் கேட்டது ஒரே கேள்வி: "ஏனுங்ணா, இது எந்தக் கடைப் படம்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. என் கடைப் பெயருக்குக் கீழே, என் பரோட்டாவின் விலைக்குப் பக்கத்தில் இருக்கிற படம் எந்த ஊரில் யார் எடுத்தது என்று எனக்கே தெரியாது. பித்தளைக் கிண்ணம் எங்கள் கடையில் ஒருநாளும் இருந்ததில்லை, எல்லாம் எவர்சில்வர்தான். அன்றைக்கு ராத்திரியே அந்தச் செயலியில் தேடிப் பார்த்தேன், எங்கள் ஏரியாவிலேயே இன்னும் இரண்டு கடைகளில் அதே ஐந்து பரோட்டா, அதே பித்தளைக் கிண்ணம், அந்த எலுமிச்சைத் துண்டு சாய்ந்திருக்கும் கோணம்கூட அதேதான். மூன்று கடைக்காரர்களும் தனித்தனியாகச் சமைக்கிறோம், படம் மட்டும் ஒரே அடுப்பில் வெந்தது.

அது எப்படி வந்தது என்று சொல்கிறேன். கடையைச் செயலியில் சேர்க்க ஒரு தம்பி வந்தார். நல்ல பையன், பாவம், அவருக்கு மாதத்துக்கு இத்தனை கடை சேர்க்க வேண்டும் என்று கணக்கு. உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க எண் இருக்கிறதா என்று கேட்டார், பான் கார்டு, வங்கிக் கணக்கு எல்லாம் கேட்டார். ஒரு எண் தப்பாக இருந்தாலும் சேர்க்க முடியாது என்றார். படத்துக்கு வந்தபோது, நான் போனில் எடுத்து வைத்திருந்ததைக் காட்டினேன். டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்தது, கல்லிலிருந்து வந்த புகை வேறு. "இது ரிஜெக்ட் ஆயிரும்ங்ணா, லைப்ரரியில இருந்து நானே போட்டுடறேன்" என்றார். லைப்ரரி என்றால் எந்தக் கடைக்கும் எடுத்துப் போடுகிற பொதுப் படங்களின் தொகுப்பு. சரி என்றேன். இதுதான் நடந்தது. நான் கையெழுத்துப் போட்ட இடங்கள் ஏழோ எட்டோ இருக்கும், அந்தப் படம் என் கடையுடையது என்று சொல்லி ஒரு இடத்திலும் யாரும் கையெழுத்துக் கேட்கவில்லை.

கலக்கிக்குத்தான் பெரிய கூத்து. கொங்குப் பக்கம் சாப்பிட்டவர்களுக்குத் தெரியும், முட்டையை மிளகும் கொஞ்சம் சால்னாவும் ஊற்றி அடித்து, சூடான கல்லில் ஊற்றி, வெளியே லேசாகப் பிடித்ததும் உள்ளே கொழகொழவென்று இருக்கும்போதே மடித்து எடுத்துவிடுவோம். தட்டில் வைத்தால் ஆட வேண்டும், அதுதான் பதம். அந்த லைப்ரரியில் கலக்கி என்று ஒன்றே கிடையாது. அதனால் தக்காளி, குடைமிளகாய், சீஸ் எல்லாம் போட்ட ஒரு தடித்த ஆம்லெட்டின் படத்தை அந்தத் தம்பி போட்டுவிட்டார். வெளியூரிலிருந்து வந்த ஒருவர் அதைப் பார்த்து வாங்கி, ஒரு ஸ்டார் கொடுத்து, பாதி வெந்த முட்டையை அனுப்பியிருக்கிறார்கள், உடம்புக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்று எழுதியிருந்தார். அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அந்தப் படத்தைப் பார்த்தால் நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

அப்புறம் நானே ஒரு தப்புச் செய்தேன். பையன் கேட்ட கேள்வி உறுத்திக்கொண்டே இருந்ததால் சொந்தமாகப் படம் எடுத்துவிடுவது என்று முடிவு செய்து, தெரிந்தவர் மகன் சென்னையில் விளம்பரப் படம் எடுக்கும் ஸ்டுடியோ ஒன்றில் உதவியாளராக இருப்பவன் ஊருக்கு வந்திருந்தான், அவனைக் கூப்பிட்டேன். மதியம் மூன்று மணிக்கு வந்தான். பையைத் திறந்தால் பல்குத்தும் குச்சி, பஞ்சு, கிளிசரின் பாட்டில், பெயின்ட் பிரஷ், இடுக்கி, ஊசியில்லாத சிரிஞ்ச், தண்ணீர் அடிக்கும் ஸ்பிரே, சின்னதாக ஒரு கேஸ் டார்ச். எங்கள் மாஸ்டர் வரிசையாகப் பன்னிரண்டு பரோட்டா போட்டுக் கொடுத்தார். அதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவே அவனுக்குக் கால் மணி நேரம் ஆனது. அப்புறம் அந்த ஒன்றின் இதழ்களுக்கு நடுவே இடுக்கியால் பஞ்சைத் திணித்துத் திணித்துத் தூக்கி நிறுத்தினான். வெளுத்திருந்த இடத்தை டார்ச்சால் சிவக்க வைத்தான், மேலே பிரஷ்ஷால் எண்ணெய். சால்னாவில் கறித்துண்டைப் போட்டால் முழுகிவிடும் இல்லையா, கிண்ணத்துக்குள் ஒரு டீ கிளாஸைக் கவிழ்த்து வைத்து அதன் மேல் கறியை உட்காரவைத்து, சுற்றிலும் சால்னாவை ஊற்றினான். கிண்ணம் நிறையக் கறி மாதிரி தெரிந்தது, இருந்தது மூன்று துண்டு. கொத்தமல்லித் தழை வாடாமல் இருக்கச் சொட்டுச் சொட்டாகக் கிளிசரின். ஆவி வேண்டுமே, நனைத்த பஞ்சைச் சூடு பண்ணிக் கிண்ணத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்தான். மாஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தபடியே நின்றார், கடைசியில், "இதுக்கு எதுக்கு நான் மாவு பிசைஞ்சேன்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

படம் எடுத்து முடித்ததும் அந்தப் பரோட்டாவை வாசலில் படுத்திருக்கும் நாய்க்குப் போடலாம் என்று எடுத்தேன். "வேண்டாங்ணா, பஞ்சும் கிளிசரினும் இருக்கு" என்று தடுத்துவிட்டான்.

அந்தப் படத்தை ஒரு வாரம் செயலியில் போட்டிருந்தேன். ஆர்டர் கூடியது, மறைப்பானேன். ஒரு வாரம் கழித்து நானே எடுத்துவிட்டேன். பெரிய நியாயவான் என்று இல்லை, ஒவ்வொரு முறை பார்சல் கட்டும்போதும் அந்த டீ கிளாஸ் ஞாபகம் வந்தது.

படம் எடுக்க வந்த அந்த ஸ்டுடியோக்காரனோடு பேசிக்கொண்டிருந்ததில்தான் தெரிந்தது, டீ கிளாஸ் வேலை ஒன்றும் புதுசு இல்லையாம். 1968 வாக்கில் அமெரிக்காவில் கேம்ப்பெல் சூப் கம்பெனி விளம்பரத்தில் கிண்ணத்தின் அடியில் கண்ணாடிக் கோலிகளைப் போட்டு, காய்கறியும் நூடுல்ஸும் மேலே தெரியும்படி படம் எடுத்திருக்கிறார்கள். போட்டியாளர் ஒருவர் போட்டுக்கொடுக்க, அந்த நாட்டு வர்த்தக ஆணையம் பிடித்துக்கொண்டது, 1970இல் இனி இப்படிச் செய்ய மாட்டோம் என்று கம்பெனி ஒப்புக்கொள்ள வேண்டியதானது. கோலி அசல், சூப் அசல், காய்கறியும் அசல். ஆனால் பார்க்கிறவன் கண்ணுக்குக் கிடைத்த கணக்கு பொய். என் கிண்ணமும் அப்படித்தான். அந்த வழக்குக்குப் பிறகு அங்கே ஸ்டுடியோக்களில் ஒரு பழக்கம் வந்துவிட்டது, எதை விற்கிறாயோ அது அசலாக இருக்க வேண்டும், பக்கத்தில் இருப்பது எதுவாகவும் இருக்கட்டும் என்று. கார்ன்ஃப்ளேக்ஸ் என்கிற சோளச் செதில் விற்கிறவர் அசல் செதிலைத்தான் காட்ட வேண்டும், ஊற்றியிருக்கும் பால் வெள்ளைப் பசையாக இருந்தாலும் கேள்வி இல்லை. ஐஸ்கிரீமுக்குப் பதில் மசித்த உருளைக்கிழங்கு, ஐஸ் கட்டிக்குப் பதில் அக்ரிலிக் கட்டி, இதெல்லாம் விளக்குச் சூட்டில் உருகக்கூடாது என்பதற்காகச் செய்வது. பசையில் மிதக்கும் செதிலைப் பார்த்து நாக்கில் எச்சில் ஊறியதை நினைத்தால் எனக்கு இப்போதும் ஒரு மாதிரி இருக்கிறது.

எல்லா அலங்காரமும் மோசடி என்று நான் சொல்ல வரவில்லை. நானும்தான் தட்டு விளிம்பில் சிந்தியதைத் துடைத்துவிட்டு வைக்கிறேன், விருந்தாளிக்குக் கருகிய பரோட்டாவை யாராவது மேலே வைப்பார்களா? 2012இல் மெக்டொனால்ட்ஸின் கனடா கிளை தாங்களே ஒரு வீடியோ போட்டார்கள், கடையில் ஒரு நிமிஷத்தில் கட்டித் தரும் பர்கரையும் ஸ்டுடியோவில் மணிக்கணக்காக உட்கார்ந்து கட்டும் பர்கரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். பொருள் அதேதான், உள்ளே மறைந்துகிடக்கும் வெங்காயத்தையும் வெள்ளரியையும் முன்பக்க விளிம்புக்கு நகர்த்தி, கெட்சப்பைச் சிரிஞ்சில் வைத்திருந்தார்கள். இது எனக்குச் சம்மதம். நகர்த்திக்கொள்ளட்டும். இல்லாததைக் காட்டுவதும் இருப்பதைப் பெருக்கிக் காட்டுவதும்தான் என் சண்டை.

எங்கள் கடையில் சில்லி சிக்கன் நூறு கிராம் கணக்கில் விற்கிறோம். அதற்கான தராசை வருஷா வருஷம் காட்டி, தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளரிடம் முத்திரை வாங்க வேண்டும். திடீரென்று வந்து எடைக்கல்லை வைத்துப் பார்ப்பார்கள், குறைந்தால் அபராதம். நல்ல ஏற்பாடு, எனக்கு அதில் வருத்தமே இல்லை. பாக்கெட்டில் அடைத்து விற்கிறவர்களுக்கும் எடை, விலை, தேதி எல்லாம் அச்சடித்தே ஆக வேண்டும். திருவள்ளூர் நுகர்வோர் ஆணையத்தில் 2023இல் ஒரு தீர்ப்பு வந்ததே, உங்களுக்குத் தெரிந்திருக்கும். சென்னையில் ஒருவர் தெரு விலங்குகளுக்குப் போடுவதற்காக ஐடிசியின் மேரி லைட் பிஸ்கட் வாங்கினார், உறையில் 16 என்று போட்டிருக்க உள்ளே 15 இருந்தது. நாங்கள் எண்ணிக்கையில் விற்கவில்லை, எடையில்தான் விற்கிறோம் என்று நிறுவனம் வாதாடியது. எடை போட்டுப் பார்த்தால் 76 கிராமுக்கு 74. ஒரு லட்சம் ரூபாய் கொடுக்கச் சொல்லிவிட்டார்கள். ஒரு பிஸ்கட்டுக்கு! அது எப்படி முடிந்தது என்றால், 16 என்பது எண், எண்ணிப் பார்த்துவிடலாம். அதே உறையில் படமாகப் போட்டிருப்பதை யார், எந்தத் தராசில் வைத்துப் பார்ப்பது?

கடை சாத்திவிட்டு ராத்திரி ஒரு மணிக்கு நானும் மாஸ்டரும் பரோட்டா சாப்பிடுவதில்லை, நாள் முழுக்க அதன் வாசனையிலேயே நின்றுவிட்டு வாயில் வைக்க முடியாது. பாக்கெட் நூடுல்ஸ்தான். ஒருநாள் புதுசாக ஒரு பாக்கெட் வாங்கினேன், உறையில் ஆவி பறக்கிறது, கேரட், பச்சைப் பட்டாணி, குடைமிளகாய், மேலே பாதியாக வெட்டிய முட்டை. பிரித்தால் ஒரு நூடுல்ஸ் கட்டியும் ஒரு மசாலாக் கவரும். பட்டாணி தனிக் கவரில் இருக்கும் என்று நினைத்து உறையைத் தலைகீழாகப் பிடித்து உதறியே பார்த்துவிட்டேன். உணவுத் தொழிலில் இருக்கும் நானே உதறினேன். அப்புறம்தான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன், படத்தின் ஓரத்தில், மடிப்பு விழும் இடத்தில், கடுகைவிடச் சின்னதாக ஆங்கிலத்தில் 'சர்விங் சஜஷன்'. இப்படிப் பரிமாறலாம் என்று ஒரு யோசனையாம், அதாவது பட்டாணி நான் வாங்கிப் போட வேண்டியது. அப்படியென்றால் விலையிலும் ஒரு சஜஷன் நான் சொல்லலாமா?

ஆரஞ்சு நிறத்தில் வரும் கலர் பாட்டிலை எடுத்துப் பாருங்கள், பழம் எதுவும் இல்லை என்று ஆங்கிலத்தில் பொடியாக எழுதியிருக்கும். எங்கள் கடை ஃபிரிட்ஜில் வரிசையாக நிற்கிறது, அதைப் படித்துவிட்டு வாங்கிய ஒருவரை இத்தனை வருஷத்தில் நான் பார்த்ததில்லை. ஜப்பானில் இதற்கு ஒரு எளிய ஒழுங்கு வைத்திருக்கிறார்கள்: நூறு சதவீதம் சாறாக இருந்தால்தான் வெட்டிய பழத்தின் படத்தை உறையில் போடலாம். சாறு குறையக் குறையப் படமும் இறங்கிக்கொண்டே போகும், பேருக்குக் கொஞ்சம் சாறு இருக்கும் பானத்துக்குக் கார்ட்டூன் மாதிரி வரைந்த பழம்தான். படிக்கத் தெரியாத பாட்டிக்கும் உறையைப் பார்த்த உடனே விஷயம் புரிந்துவிடும்.

சட்டம் இல்லை என்று சொல்லிவிட முடியாது, நான் வாங்கிப் படித்தேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், தவறாக வழிநடத்தும் விளம்பரம் எது என்று சொல்லும் இடத்தில், பொருளின் தன்மை, உட்பொருள், அளவு, தரம் இவற்றைப் பற்றி ஏமாற்றக்கூடியது என்று தெளிவாக இருக்கிறது. அதற்காகத்தான் 2020 ஜூலையில் உங்கள் ஆணையமே வந்தது. முதல் தடவை 10 லட்சம், திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை அபராதம் போட உங்களுக்கு அதிகாரம் இருக்கிறது. 2022 ஜூனில் நீங்கள் வெளியிட்ட வழிகாட்டுதல்களில், பொறுப்புத் துறப்பு வாசகம் விளம்பரத்தின் முக்கியச் செய்தியை மறுக்கிற மாதிரி இருக்கக்கூடாது, விளம்பரம் எந்த மொழியிலோ அந்த மொழியிலேயே இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். படித்தபோது எனக்கு எழுந்து நின்று கை தட்டலாம் போல இருந்தது. எழுதியது நீங்கள்தான், அப்படியானால் டிவியில் முழுக்கத் தமிழில் ஓடும் விளம்பரத்தின் கீழே, 'கிரியேட்டிவ் விஷுவலைசேஷன்', அதாவது இது கற்பனைக் காட்சி என்று ஆங்கிலத்தில் இரண்டு நொடி வந்து போகிறதே, அது என்ன? ஒரு சாப்பாட்டு விளம்பரத்தில் படம்தான் முக்கியச் செய்தி. படத்தை நம்பாதே என்று படத்துக்குக் கீழேயே எழுதினால் அது மறுப்பு இல்லாமல் வேறு என்ன?

பசியைத் தூண்டும்படி படம் போடுவது வியாபாரத்தில் சகஜம்தானே என்று கம்பெனி வக்கீல்கள் சொல்வார்கள். அமெரிக்காவிலும் இதே வாதம்தான். பர்கர் கிங் படத்தில் காட்டுவது நிஜத்தைவிட 35 சதவீதம் பெரிதாக இருக்கிறது என்று தொடுத்த வழக்கை 2023 ஆகஸ்டில் ஃபுளோரிடாவில் ஒரு நீதிபதி முழுசாகத் தள்ளிவிட மறுத்தார், அடுத்த மாதமே நியூயார்க்கில் வேறொரு நீதிபதி மெக்டொனால்ட்ஸ், வெண்டீஸ் மீதான அதே மாதிரி வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டார். அங்கேயே இழுபறிதான். எனக்குப் பிடித்தது பிரிட்டன்காரர்கள் செய்த வேலை. 2010இல் அங்கே விளம்பரக் கண்காணிப்பு அமைப்புக்கு பர்கர் கிங்கின் ஒரு கோழி பர்கரைப் பற்றிப் புகார் வந்தபோது, அவர்கள் தத்துவம் பேசிக்கொண்டிருக்கவில்லை. கடைக்குப் போய் அதே பர்கரை வாங்கிவந்து, கையில் பிடித்து, தடிமனைப் பார்த்தார்கள், விளம்பரத்தில் இருப்பது பெரிதாக இருந்தது, அந்த விளம்பரத்தை நிறுத்தச் சொன்னார்கள்.

நீங்களும் அதைத்தான் செய்ய வேண்டும் என்று கேட்கிறேன். ஆபீசில் உட்கார்ந்தபடியே ஒரு பத்து ஆர்டர் போடுங்கள், பத்து பாக்கெட் வாங்கிவரச் சொல்லுங்கள், எங்கள் கடையிலும் வாங்குங்கள். தட்டில் கொட்டி, படத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். பாக்கெட்டுக்குள் என்ன இருக்கிறதோ அது மட்டும்தான் உறையில் தெரிய வேண்டும், பட்டாணி வேண்டுமென்றால் பட்டாணியைப் போட்டு விற்கட்டும். செயலியில் ஒரு கடையின் பெயருக்குக் கீழே வரும் படம் அந்தக் கடை அடுப்பில் வெந்ததாக இருக்க வேண்டும், இல்லையென்றால் படமே வேண்டாம், பெயரும் விலையும் போதும். எத்தனை பரோட்டா வருமோ அத்தனைதான் படத்தில் இருக்க வேண்டும். அப்புறம் ஒரு சின்ன சுயநலமும் சொல்லிவிடுகிறேன்: அபராதம் என்று வந்தால் ஆறு மேசைக் கடைக்காரனை மட்டும் பிடித்து நிறுத்திவிடாதீர்கள், அந்த லைப்ரரியைத் திறந்து வைத்திருப்பவர்களையும், டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்த உண்மைப் படத்தை ரிஜெக்ட் செய்கிறவர்களையும் முதலில் கூப்பிடுங்கள். 14 இலக்க எண்ணைச் சரிபார்க்கத் தெரிந்தவர்களுக்கு, மூன்று கடையில் ஒரே எலுமிச்சைத் துண்டு இருப்பதைக் கண்டுபிடிப்பது ஒன்றும் மலையைப் புரட்டுகிற வேலை இல்லை.

பரோட்டாவுக்கு இப்போது என் படம்தான் இருக்கிறது. இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள், மூன்றாவது முறை காலையில் வாசலில் வைத்து எடுத்து அனுப்பினேன், ஏற்றுக்கொண்டார்கள். இரண்டு பரோட்டா, எவர்சில்வர் கிண்ணத்தில் எம்டி சால்னா. பனியன் கம்பெனிப் பையன் பார்த்துவிட்டு, "இப்பத்தாங்ணா உங்க கடை மாதிரி இருக்கு" என்றான். ஆர்டர் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

கலக்கிதான் இன்னும் முடியவில்லை. கல்லிலிருந்து எடுத்துத் தட்டில் வைத்துப் போனைத் தூக்குவதற்குள் அமுங்கிவிடுகிறது, படத்தில் மஞ்சளாக ஏதோ கொட்டிக் கிடப்பது போலத்தான் தெரிகிறது. செயலியில் இப்போதும் அந்தச் சீஸ் ஆம்லெட்தான் நிற்கிறது. இரண்டு படத்தையும் இத்துடன் இணைத்திருக்கிறேன், மஞ்சளாகக் கிடப்பதுதான் எங்களுடையது.

இப்படிக்கு,
திருப்பூரிலிருந்து ஒரு பரோட்டாக் கடைக்காரன்